அம்பாசிடரை வெட்டினால் பிக்கப் வருமா?

நாஞ்சில் நாட்டுப் பக்கம் பழைய வீடுகளின் முற்றத்தில், அயனி மரத்தடியில் ஒரு அம்பாசிடர் நிற்பதை இன்றும் பார்க்கலாம். டயரில் காற்று இல்லை. பானெட் மேல் கோழி ஏறி நிற்கிறது. பின் ஸீட்டில் தேங்காய் மட்டையோ பழைய பேப்பர் கட்டோ கிடக்கிறது. தாத்தா வாங்கிய கார். விற்கவும் மனம் வராது, ஓட்டவும் வழி இல்லை.

அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்காவது கட்டாயம் இந்த யோசனை வந்திருக்கும்: ‘முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்பாதியை வெட்டிவிட்டால் என்ன? வாழைக்குலை ஏற்றலாம், ரப்பர் ஷீட் ஏற்றலாம். கல்யாண வீட்டுக்குப் போனால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள்!’ செல்போனைத் திறந்தால் பழைய செவர்லே, மோரிஸ் கார்களின் முகத்தோடு பளபளக்கும் பிக்கப் வண்டிகளின் படங்கள் வந்து விழுகின்றன. ஆசை இன்னும் கூடுகிறது.

செய்ய முடியுமா என்றால், முடியும். உலகத்தில் பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த வேலையில் கண்ணுக்குத் தெரியும் பாகம்தான் சுலபம். தெரியாத பாகத்தில்தான் உயிர் இருக்கிறது. வெட்டுவதற்கு கட்டரைக் கையில் எடுக்கும் முன், அந்தத் தெரியாத பாகத்தைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது.

ஞாயிறு கோயிலுக்கு, திங்கள் சந்தைக்கு

காரின் முகமும் லாரியின் முதுகும் கொண்ட வண்டி பிறந்த கதை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1930-களின் தொடக்கம். விவசாயிகளிடம் பணம் இல்லாத காலம். காருக்குத் தனியாக, லாரிக்குத் தனியாகக் கடன் வாங்க யாராலும் முடியாது. விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லேண்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும் வேண்டும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் வேண்டும். இதுதான் அந்த அம்மாளின் கோரிக்கை.

கடிதம் ஜீலாங் நகரத்துத் தொழிற்சாலையில் லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 22, 23 இருக்கும். பெரிய கரும்பலகையில் வண்டியை வரைந்து பார்த்தார். ஃபோர்டின் இரண்டு கதவு ‘கூபே’ காரின் முன்பகுதியை எடுத்துக்கொண்டு, சரக்குப் பெட்டியின் பக்கத் தகரத்தை கேபினோடு ஒரே ஓட்டமாக இணைத்தார். 1934-ல் வண்டி விற்பனைக்கு வந்தது. ‘யூட்’ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த ஜாதி வண்டி பிறகு ஆஸ்திரேலியாவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஃபோர்டு ‘ரான்செரோ’ 1957-லும், செவர்லே ‘எல் கேமினோ’ 1959-லும்தான் வந்தன.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கடிதத்தோடு நிறுத்திவிடுவார்கள். பட்டறைக்காரர் கவனிக்க வேண்டிய விஷயம் அதற்கு அடுத்தது. பேண்ட் காரை வெட்டி அப்படியே விட்டுவிடவில்லை. அந்தக் கால ஃபோர்டு காருக்கு அடியில் ஏணி மாதிரி தனி சேஸ் இருந்தது. பாரத்தைத் தாங்கியது அதுதான். மேலே அழகு, அடியில் லாரி. அதனால்தான் அந்த வண்டி நின்றது.

சேஸ் கப்பலில் வந்தது, பாடி இங்கே பிறந்தது

‘சேஸ் வேறு, பாடி வேறு’ என்பது குமரி மாவட்டத்துக்குப் புதிய பாடமில்லை. இந்த மண் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, 1938 பிப்ரவரி 20 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் அரசுப் பேருந்துச் சேவையைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த இ.ஜி.சால்ட்டர் என்பவர்தான் அதற்குப் பொறுப்பாளர். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவை முழுப் பேருந்துகள் அல்ல. 60 ‘காமர்’ சேஸ்கள், அவற்றில் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின், அவ்வளவுதான். சால்ட்டர் மாதிரிக்கென்று ஒரு பாடியை லண்டனிலிருந்து கொண்டுவந்தார். அதைப் பார்த்து, மாற்றி, திருத்தி, மற்ற பாடிகளைத் திருவனந்தபுரத்தில் நம் ஊர்த் தொழிலாளர்களே கட்டினார்கள். அந்தச் சேவை முதலில் எடுத்துக்கொண்ட தடங்களில் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரும் தடமும் ஒன்று.

பிறகும் பல பத்தாண்டுகள் லாரியும் பேருந்தும் இந்தியாவில் இப்படித்தான் பிறந்தன. தொழிற்சாலை சேஸையும் இன்ஜினையும் முகப்பையும் கொடுக்கும். டிரைவர் பலகை மேல் உட்கார்ந்து, முகத்தில் காற்று அறைய அதை ஓட்டி வருவார். லாரிக்கு நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. பேருந்துக்குக் கரூர். அங்கே மரமும் இரும்பும் தகரமும் சேர்ந்து வண்டிக்கு உடம்பு கொடுக்கும். ஒரு கேபினைத் தொடக்கத்திலிருந்து கட்டும் கை நம் ஊரில் இல்லாமல் இல்லை. தட்டித் தட்டி வளைவு எடுக்கும் டிங்கர் வேலைக்காரர்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இன்றும் இருக்கிறார்கள்.

அப்படியானால் அம்பாசிடரில் மட்டும் என்ன சிக்கல்?

தீப்பெட்டியின் மேலுறை

அம்பாசிடருக்கு அடியில் ஏணி சேஸ் கிடையாது. அதுதான் சிக்கல்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. 1950-களின் இறுதியில் தொடங்கிய தயாரிப்பு 2014 மே மாதம் வரை நடந்தது. பார்ப்பதற்கு யானை மாதிரி இருந்தாலும், கட்டுமானத்தில் அது நவீன கார்களின் இனம். தரைத் தகரம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பட்டை, தூண்கள், கூரை, டிக்கி எல்லாம் ஒன்றோடொன்று வெல்டு ஆகி, மொத்தமும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகிறது. பொறியாளர்கள் இதை ‘மோனோகாக்’ என்பார்கள்.

இது புரிய ஒரு தீப்பெட்டி போதும். உள் டிராயரை எடுத்துவிட்டு மேலுறையை மட்டும் கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மெல்லிய அட்டைதான், ஆனாலும் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். இப்போது அதன் ஒரு பக்கத்தைக் கத்தரித்துவிட்டு முறுக்குங்கள். துவண்டுவிடும். அட்டையின் கனம் மாறவே இல்லை, வடிவம்தான் உடைந்தது. அம்பாசிடரின் பின் கூரையையும் பின் தூண்களையும் வெட்டி எடுப்பது அதே காரியம்தான்.

வெட்டிய அன்று ஒன்றும் தெரியாது. வண்டி ஓடும். படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம். பாரம் ஏற்றத் தொடங்கியதும்தான் வித்தை தெரியும். கணக்கு ரொம்ப எளிது. காரில் ஐந்து பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 325 கிலோ. வாழைக்குலை ஒன்று 15 கிலோ என்று வைத்தால், 50 குலைக்கு 750 கிலோ. அதுவும் காரில் ஆட்கள் உட்காரும் நடுப்பகுதியில் இல்லை, பின் அச்சின் மேலும் அதற்குப் பின்னாலும். பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் இன்னும் இரண்டு பட்டை சேர்த்தால் வண்டியின் பின்புறம் தாழாது, உண்மைதான். ஆனால் பாரம் எங்கும் போய்விடவில்லை. ஸ்பிரிங் தாங்கியதை பாடியின் நடுப்பகுதி வாங்கிக்கொள்கிறது. முதலில் கதவு சரியாகச் சாத்தாது. பிறகு முன் கண்ணாடியின் மூலையில் கீறல் விழும். கடைசியில் கதவுக்கு அடியில், தரைத் தகரத்தில், பெயின்ட் வெடிக்கும். மழைக்காலத்தில் அந்த வெடிப்புக்குள் தண்ணீர் போகும். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இதற்குக் கார் கம்பெனிகளே என்ன செய்தன என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் வெளிவந்த மோரிஸ் மைனர், பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் கொஞ்ச காலம் நம் நாட்டிலும் அது ஓடியது. அந்தக் காருக்கும் தனி சேஸ் கிடையாது. ஆனால் 1953-ல் அதே முகத்தோடு வேனும் பிக்கப்பும் செய்ய முடிவெடுத்தபோது, அந்தச் சரக்கு வண்டிகளுக்கு மட்டும் கம்பெனி தனியாக சேஸ் போட்டது. காரை வெட்டி ஒப்பேற்றவில்லை. நம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் தன் கடைசிக் காலத்தில் அம்பாசிடர் முகத்தோடு ‘வீர்’ என்றொரு பிக்கப்பை விற்றுப் பார்த்தது. சின்ன யானைகளும் பொலேரோக்களும் வந்துவிட்ட காலம் அது. எடுபடவில்லை.

கேபின் எப்படிப் பிறக்கிறது?

ஆக, பழைய காரின் பாகங்களால் பிக்கப் கேபின் செய்வது என்றால், முறையான வழி ஒன்றுதான். காரை லாரியாக்குவதல்ல அது. ஏற்கெனவே ஏணி சேஸ் உள்ள ஒரு வண்டியின் மேல் காரின் உடம்பை உட்காரவைப்பது. வெளிநாடுகளில் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். வேலையின் போக்கு ரசமானது.

முதல் வேலை வெட்டுவது இல்லை, கட்டுவது! கதவுகளைக் கழற்றிவிட்டு, கதவு இருந்த இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டு செய்வார்கள். இடது தூணிலிருந்து வலது தூணுக்கும் ஒரு குழாய் போகும். இது இல்லாமல் கூரையில் கை வைத்தால் பாடி இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும். விரிந்த பாடியில் பிறகு எந்தக் கதவும் பொருந்தாது.

அடுத்து, எங்கே வெட்டுவது? முன் கதவு சாத்தும் நடுத்தூணுக்குப் பின்னால் ஒரு வெட்டு. கேபினின் பின்சுவருக்குப் புதுத் தகரம் தேட வேண்டியதில்லை. காரின் பின் கண்ணாடியும் அதைச் சுற்றியுள்ள கூரை வளைவும் இருக்கிறதே, அதை ஒரு துண்டாக எடுத்து முன்னால் நகர்த்தி, நடுத்தூணோடு சேர்த்துவிடுவார்கள். கூரையின் வளைவு கெடாது. பின்னாலிருந்து பார்த்தால் கம்பெனியிலிருந்தே அப்படி வந்த மாதிரி இருக்கும். கைதேர்ந்தவர் வேலையையும் அவசர வேலையையும் இந்த ஓர் இடத்தில் பிரித்துவிடலாம். அவசரக்காரர் இங்கே தட்டையாக ஒரு தகரத்தை அறைந்து, அதில் ஒரு பஸ் கண்ணாடியை மாட்டியிருப்பார்.

நாலு கதவுக் காரில் இன்னொரு தொல்லை உண்டு. முன் கதவு குட்டையானது. நடுத்தூணையொட்டிப் பின்சுவர் வந்துவிட்டால், ஸீட்டைப் பின்னால் தள்ள இடம் இருக்காது. ஆறடி ஆள் உட்கார்ந்தால் ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கும். ஆகவே பின்சுவரை ஒரு ஜாண் தள்ளி வைக்க வேண்டும். அந்த ஒரு ஜாண் தகரத்தைப் பின் கதவிலிருந்து வெட்டி எடுத்தால் பக்கவாட்டுக் கோடு மாறாமல் ஓடும். லூ பேண்ட் இரண்டு கதவு கூபேயைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை!

தகரத்தைச் சேர்ப்பதில் பொறுமை வேண்டும். ஒரே ஓட்டமாக வெல்டிங் வைத்தால் சூட்டில் தகரம் அப்பளம் மாதிரி நெளியும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடி இடையில் ஒரு புள்ளி என்றுதான் போக வேண்டும். மேடு பள்ளத்தை டாலியும் சுத்தியலும் வைத்துத் தட்டியே எடுக்க வேண்டும். அரை இஞ்ச் கனத்துக்குப் பட்டி அப்பினால் டெலிவரி அன்று கண்ணாடி மாதிரி மின்னும், அடுத்த மழைக்குப் பாளம் பாளமாகப் பெயரும். வெல்டிங் வைத்த இடத்தின் உள்பக்கம் யாரும் பார்ப்பதில்லை என்பதால் அங்கே பிரைமர் அடிக்காமல் விடுவது பட்டறைகளில் சகஜம். துரு அங்கிருந்துதான் கிளம்பும். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துவிடுவதும் உண்டு.

பிறகு சேஸில் உட்காரவைப்பது. கேபினை நேராக சேஸோடு வெல்டு செய்யக் கூடாது. சேஸ் ஓடும்போது முறுக்கும், கேபின் முறுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் புஷ் வேண்டும். சரக்குப் பெட்டியும் கேபினோடு ஒட்டக் கூடாது, விரல் நுழையும் இடைவெளி வேண்டும். ஸ்டியரிங் ராடின் கோணம், பிரேக் பெடலின் இடம், கிளட்ச், கியர் எல்லாமே புது உயரத்துக்கு மாறும். அழகுக்காகக் கேபினைத் தாழ்த்தினால் ஸ்டியரிங் இணைப்பு மடங்கும். இதுதான் கண்ணுக்குத் தெரியாத பாகம்.

பிரேக்கை யாரும் யோசிப்பதில்லை. காரின் பிரேக், காரின் எடைப் பங்கீட்டுக்கு அமைக்கப்பட்டது. பிக்கப்பில் சரக்கு இல்லாதபோது பின்பக்கம் லேசாகிவிடும். மழையில் அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சுழலும். சரக்கு ஏற்றினாலோ, அதே பிரேக் போதாது.

ஆர்.சி. புத்தகத்தில் என்ன இருக்கிறது?

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். வண்டி வெளியே வருகிறது. இனி சட்டம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. இதில் எவ்வளவு இளக்கம் உண்டு என்பது பற்றிப் பக்கத்து மாநிலமான கேரளத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அதில் தீர்ப்பளித்தார்கள். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை வண்டியின் உரிமையாளருக்கு!

காரை வெட்டிப் பிக்கப் ஆக்கும்போது ஒரு மாற்றம் மட்டும் நடப்பதில்லை. சொந்தக் கார் சரக்கு வண்டி ஆகிறது, வண்டியின் வகையே வேறு. வரி வேறு, எஃப்.சி. வேறு, காப்பீடு வேறு. பிக்கப் சேஸின் மேல் கார் பாடியை ஏற்றினால் சேஸ் எண் ஒரு வண்டியுடையது, முகம் இன்னொன்றுடையது. நாகர்கோவில் டி.என். 74 ஆகட்டும், மார்த்தாண்டம் டி.என். 75 ஆகட்டும், சோதனைக்குப் போகும்போது ஆர்.சி.யில் எழுதியிருப்பதும் எதிரே நிற்பதும் ஒத்துப்போக வேண்டும். அபராதத்தைவிடப் பெரிய அடி விபத்து நடந்தால் வரும். பதிவில் கார், பாலத்தில் மோதியது சரக்கு வண்டி என்றால் காப்பீட்டு நிறுவனம் பணத்தைச் சுலபமாகத் தராது. இழப்பீடு உரிமையாளரின் தலையில் விடியலாம்.

“ரோட்டுக்குப் போகவில்லை, எங்கள் ரப்பர் தோட்டத்துக்குள்ளேதான் ஓட்டுவோம்” என்று ஒரு வாதம் உண்டு. மூடிய வளாகத்துக்குள் மட்டுமே ஓடும்படி அமைத்த தனிவகை வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையில் சட்டம் சேர்ப்பதில்லை என்பது சரிதான். ஆனால் குமரி மாவட்டத்தில் எத்தனை தோட்டம் ஒரே வேலிக்குள் இருக்கிறது? மேலத்தோட்டத்துக்கும் கீழத்தோட்டத்துக்கும் நடுவே ஊராட்சி ரோடு ஓடும். அதைக் குறுக்கே கடக்கும் நொடியில் அந்த வாதம் காலி.

கேபின் கட்டும் தொழிலுக்கே இப்போது கெடுபிடி கூடிவிட்டது. லாரி பாடிக்கென்று ஏ.ஐ.எஸ். 093 என்ற தனி விதிமுறை இருக்கிறது. புதிதாகத் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். பலகையில் உட்கார்ந்து சேஸ் ஓட்டி வந்த டிரைவர்களை நினைத்தால் இது எப்போதோ வந்திருக்க வேண்டிய விதி.

வெட்டாமல் விட்டால்?

மரத்தடி அம்பாசிடரின் வயதை முதலில் பாருங்கள். பழம்பெரும் வாகனங்களுக்கென்று 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, கார் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்ற தேவைகளுக்கு ரோட்டில் எடுக்கலாம். வாடகைக்கு ஓட்டவோ தினமும் ஓட்டவோ முடியாது. சேஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. தாத்தா 1970-களின் தொடக்கத்தில் வாங்கிய கார் இதற்குத் தகுதியானது. வெட்டிய கார் தகுதியானது இல்லை.

வண்டி துருப்பிடித்து அவ்வளவு தூரம் தேறாது என்றால், கதவு, மட்கார்டு, பானெட், கண்ணாடி பீடிங், கிரில் ஒவ்வொன்றும் வேறொரு அம்பாசிடரைக் காப்பாற்றும். தயாரிப்பு நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் நல்ல நிலையில் இருக்கும் பழைய பாகத்தைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

டிங்கர் வேலைக்காரர்களுக்கு இதில் ஒரு பிழைப்பும் இருக்கிறது. அதற்கு உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில். மோரிஸ் மைனர் தயாரிப்பு 1970-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் இங்கிலாந்தில் அதை விடாமல் ஓட்டுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பாத் நகரத்தில் மோரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர், பழைய காரைத் தூக்கிப் போடுவதைவிடப் பழுதுபார்த்துப் பல்லாண்டு ஓட்டுவதே லாபம் என்று புத்தகமே எழுதியவர். மோரிஸ் மைனர்கள் நிறைய ஓடிக்கொண்டிருந்த இலங்கையில், 1990-களின் தொடக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரோடு சேர்ந்து அவர் ஒரு பட்டறையைத் தொடங்கினார். ‘டியூரபிள் கார் கம்பெனி’ என்று பெயர். அந்தக் காருக்கான மட்கார்டு உள்ளிட்ட தகரப் பாகங்கள் இலங்கைத் தொழிலாளர்களின் கையால் புதிதாகச் செய்யப்பட்டு, கார் பிறந்த இங்கிலாந்துக்கே கப்பலேறின.